சண்டையை மட்டும் காட்டினேன், மகன்

மகனுக்கு வாப்பா எழுதுவது. கோபத்தில் எழுதினாலும் ஸலாமில் குறை வைக்கக் கூடாது என்பதால் அதை முழுதாகவே சொல்லிவிடுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு. பதிலை நீ கத்தாரில் இருந்தபடி சொல்லிக்கொள். இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

நீ போட்ட வீடியோவைப் பார்த்தேன். தேடிப் பார்க்கவில்லை. பாலாவிச் சந்தியில் கடை வைத்திருப்பவனுக்கு எதையும் தேடுகிற வேலை இல்லை, எல்லாம் வாசலுக்கே வரும். போனுக்கு ரீலோட் போட வந்த லொறிக்காரப் பொடியன் ஒருவன் தன் போனை என் மூக்குக்கு நேரே பிடித்து, "நானா, இது உங்கட மகன்தானே? சும்மா நெருப்பு மாதிரி இரிக்கு" என்றான். பார்த்தேன். முதலில் ஒரு சப்பாத்து வந்தது. பிறகு அந்தச் சப்பாத்து மெதுவாக நடந்தது. பிறகு உன் பிடரி. பிறகு கறுப்புக் கண்ணாடி. பின்னால் நெஞ்சில் குத்துகிற மாதிரி ஒரு மேளம். கடைசியில் நீ திரும்பி, கமராவைப் பார்த்து, "மச்சான், நான் வாறன்" என்று ஒரேயொரு வசனம் பேசினாய். அந்த வசனத்துக்குக் கீழே யாரோ ஒரு கத்தியையும் வரைந்து விட்டிருந்தார்கள். மகன், நீ அங்கே ஏசி திருத்துகிறாய். அந்தச் சப்பாத்து கம்பனி கொடுத்தது, முனையில் இரும்பு வைத்த வகை, ஏணியில் இருந்து சாமான் விழுந்தால் விரல் நசுங்காமல் இருக்கக் கொடுப்பது. எனக்குச் சிரிப்பு வந்தது. பொடியனும் சிரித்தான். அன்றைக்குச் சிரித்ததோடு சரி, அதற்குப் பிறகு நம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

நீ ஊரறியப் போட்டாய். நான் உனக்கு மட்டும் எழுதுகிறேன். வழக்கு முடிந்த பிறகு இதை நீ ஊருக்கே காட்டினாலும் எனக்குச் சரி, மகன் பெற்ற ஆட்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்களும் வாசிக்கட்டும். உன் தங்கச்சி நஸ்ரினாவுக்கு வாசித்துக் காட்டித்தான் அனுப்புகிறேன். இரண்டு இடத்தில் வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். இன்னோர் இடத்தில், "வாப்பா, இது நீங்க சொல்ற அளவுக்கு இல்ல" என்றாள், அதையும் குறைத்திருக்கிறேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் போனில் நீ பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயே எழுதிக்கொள்கிறாய். உன் தங்கச்சி மதுரங்குளியில் புருஷன் வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். எங்களுக்குச் சொல்லவில்லை. ஒருநாள் மகள் ஹனாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். பஸஹ் கேட்டிருக்கிறாள், அதாவது பெண்ணே கேட்டு வாங்குகிற பிரிவு. அதற்குச் சாட்சி வேண்டும். அடித்ததைக் கண்ணால் கண்ட ஆள் வந்து, நம் கலியாண வழக்கு கேட்கிற காதியார் முன்னால் சொல்ல வேண்டும். அவன் தரப்பில், அடிக்கவே இல்லை, அவளாகத்தான் வீட்டை விட்டுப் போனாள், போகிறவள் போகட்டும், பிள்ளையைத் தந்துவிட்டுப் போகட்டும் என்று நிற்கிறார்கள். நஸ்ரினாவுக்கு வேண்டியது இரண்டு. அந்த வீட்டில் இருந்து விடுதலை, ஹனா அவளோடு. வேறு ஒன்றும் அவள் கேட்கவில்லை. மச்சானுடைய பல்லை அவள் கேட்கவில்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்புப் போதாது. எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, அவர் பாடசாலையில் இருந்தார், நான் வந்துவிட்டேன். ஆனால் சண்டைப் படம் என்றால் நான் பட்டதாரி. ஆகவே எனக்குத் தெரிந்த பாடத்தில் இருந்தே பேசுகிறேன்.

நீ பிறந்தது அகதி முகாமில். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம்கள் எல்லோரையும் மன்னாரில் இருந்து போகச் சொன்ன பிறகு, புத்தளத்துக்கு வந்து, கடல்நீர் நிற்கிற களப்போரம் ஓலைக் கொட்டில் போட்டுக்கொண்டோம். மற்றவர்கள் உப்பளத்துக்கும் கற்பிட்டிப் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கும் கூலிக்குப் போனார்கள். எனக்கு உப்பு ஒத்துக்கொள்ளவில்லை, கால் வெடித்தது. வெங்காயத்துக்குக் குனிய முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. உன் உம்மா சொல்வதுபோல எனக்கு ஒத்துக்கொண்ட ஒரே தொழில் உட்கார்ந்திருப்பது. புத்தளத்தில் ஒரு பழைய டெலிவிஷனையும் வீடியோ டெக்கையும் வாடகைக்கு எடுத்து, ஒரு ஜெனரேட்டரும் பிடித்து, முகாமில் படம் காட்டத் தொடங்கினேன். பள்ளிவாசல் தலைவர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன், மரணித்துவிட்டார், அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும்.

"படம் காட்டாத எண்டு நான் சொல்லல்ல. பொடியன்மாருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும்தானே" என்றார். "ஆனா பாட்டு, ஆட்டம் இருக்கப்படாது. பொம்புளப் புள்ளகள் வார இடம் ஒண்டும் இருக்கப்படாது."

"அப்ப மிச்சம் என்ன இரிக்கும் ஹாஜியார்?"

"சண்ட இரிக்குதானே."

"கத்தியால குத்துவாங்க, பரவால்லயா?"

"அநியாயக்காரனத்தானே குத்துறான். குத்தட்டும்."

அதன் பிறகு நான் டெக்குக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் உட்கார்ந்து, விரலைப் பொத்தானில் வைத்தபடி படம் காட்டினேன். பாட்டு வந்தால் வேகமாக ஓட்டுவேன். கதாநாயகி வந்தால் ஓட்டுவேன். தங்கச்சி வந்தால், அவள் கலியாண வயசு என்றால், அவளையும் ஓட்டுவேன். தாய்க்கு மட்டும் அனுமதி, அதுவும் அழுதால். ஓட்டும்போது படம் நின்றுவிடாது, உனக்கு ஞாபகம் இருக்கும், திரையில் குறுக்கே கோடு விழும், பெண்கள் எல்லோரும் தலைதெறிக்க அங்குமிங்கும் ஓடுவார்கள், வாய் மட்டும் கடகடவென்று அசையும், ஒரு சத்தமும் வராது. பின்வரிசையில் இருக்கிற பெரியவர்கள், "ஓட்டு, ஓட்டு, இன்னும் போகல்ல" என்பார்கள். பிறகு யாராவது யாரையாவது அடிக்கிற இடம் வந்ததும் விரலை எடுப்பேன், சத்தம் வரும், கொட்டில் முழுக்க ஒரே ஆரவாரம். நீ என் மடியில் இருப்பாய். மூன்று மணித்தியாலப் படம் எங்கள் முகாமில் ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். நாங்கள் மார்க்கத்துக்குப் பயந்து செய்த வேலை அது. ஒரு பெண் ஒரு வசனத்தை முழுசாகப் பேசி முடிப்பதைப் பார்க்காமலே ஒரு முகாம் நிறையப் பொடியன்மார் வளர்ந்தார்கள். கத்திக்குத்தை ஒன்று விடாமல் பார்த்தார்கள். அதில் முதல் வரிசை, என் மடி என்பதால் இலவச வரிசை, உன்னுடையது.

அந்தக் காலத்துச் சண்டைப் படங்களுக்குச் சட்டம் இருந்தது. உனக்கு ஆறு வயசிலேயே அதெல்லாம் மனப்பாடம், மற்றப் பிள்ளைகளுக்கு நீ விளக்கம் சொல்வாய். கதாநாயகன் கூலிக்காரனாகத்தான் இருப்பான், மூட்டை தூக்குவான் அல்லது வண்டி ஓட்டுவான். வில்லனுக்கு வெள்ளைக் கோட்டும் சுழல்கிற கதிரையும் இருக்கும், பக்கத்தில் ஒரு மொட்டைத் தலையன் நிற்பான். கடைசிச் சண்டை எப்போதும் வெறும் பீப்பாய் அடுக்கிய களஞ்சியத்தில்தான். பத்துப் பேர் சுற்றி நிற்பார்கள், ஆனால் ஒவ்வொருவராகத்தான் வந்து அடிப்பார்கள், மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை குதித்துக்கொண்டு நிற்பார்கள். புத்தளம் பஸ்ஸுக்குக் கூட நம் ஆட்கள் அப்படி முறை காத்து நின்றதை நான் கண்டதில்லை. முக்கியமான சட்டம், கதாநாயகன் முதலில் அடிக்க மாட்டான். ஒன்று வாங்குவான். இரண்டு வாங்குவான். மூன்றாவது விழுந்ததும் வாயோரம் விரலை வைத்துப் பார்ப்பான், விரலில் ஒரு பொட்டு ரத்தம். அதற்குப் பிறகுதான் தொடங்கும். கடைசியில் வில்லனைக் கீழே போட்டுப் பெரிய கல்லைத் தூக்கும்போது, "சட்டத்தைக் கையில் எடுக்காதே" என்று ஒரு குரல் வரும். ஜீப் வந்து நிற்கும். விலங்கு மாட்டுவார்கள். எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள். முடிந்தது.

அந்த ஜீப்பை நான் நம்பினேன், மகன். சினிமாவில் மட்டும் இல்லை. எங்களை ஊரை விட்டுப் போகச் சொன்ன அன்றைக்குக் கூட, கடற்கரையில் வள்ளத்துக்குக் காத்து நிற்கும்போது, இது கடைசிக் கட்டம், இப்போது யாராவது வந்து நிறுத்துவார்கள் என்றுதான் நின்றேன். யுத்தம் முடிந்த பிறகும் இங்கேயே இருக்கிறேன். ஊரில் இருந்த வளவுக்குப் போய்ப் பார்த்தேன், பற்றை மண்டி எல்லைக் கல்லே தெரியவில்லை. திரும்பி வந்து பாலாவியில் கடையைத் திறந்தேன். இங்கே வந்தபோது எனக்குத் தலை நிறைய மயிர் இருந்தது. மயிர் போய்விட்டது. அகதி என்ற பேர் போகவில்லை. மதுரங்குளியில் மாப்பிள்ளை எடுத்தபோது, உள்ளூர்க் குடும்பம், சந்தியில் கடை உள்ள குடும்பம், இனி அந்தப் பேர் போய்விடும் என்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தது உனக்குத் தெரியும். அவன் உன் தங்கச்சியை அடிக்கும்போது சொன்ன வார்த்தை அதே வார்த்தைதான். அவள் பிறந்ததும் புத்தளத்தில், படித்ததும் புத்தளத்தில். அகதி என்பது வாப்பா வழியாக வருகிற சொத்து என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் உங்களுக்கு எழுதி வைத்ததும் அது ஒன்றுதான் போலிருக்கிறது.

இனி உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற சங்கதி. உனக்கு எட்டு வயசு இருக்கும். மழை. வாடகை டெலிவிஷனைத் திருப்பிக் கொடுக்கப் போகிற வழியில், பாலாவியில் ஒரு லொறி முதலாளியின் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். "அகதிக்கு இப்ப என்ட கடை வாசலும் வேணுமோ" என்று கேட்டுக்கொண்டே வந்து அறைந்தார். நான் ஏதோ சொல்ல வாய் திறந்தேன், இரண்டாவது விழுந்தது. நீ என் சாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன் முகத்தை நான் பார்த்தேன். பயம் இல்லை. நீ எண்ணிக்கொண்டிருந்தாய். மூன்றாவதும் விழுந்தது. என் இரண்டு கையிலும் டெலிவிஷன். அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு நீ கேட்டாய், "ஏன் வாப்பா அடிக்கல்ல?" நான் சிரித்தேன். அழுகிறவன் முகத்தில் சிரிப்பு எப்படி வருமோ தெரியாது, மழை நல்ல உதவி. "இது முதல் பாதிதானே மகன்" என்றேன். "இன்னும் இடைவேளையே வரல்ல." நீ தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டாய். எனக்குக் கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்ட சந்தோஷம்.

கையில் டெலிவிஷன் இல்லாமல் இருந்தாலும் நான் அடித்திருக்க மாட்டேன். அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். பயந்தேன் மகன், அடித்தால் நாளைக்கு முகாமில் இருந்தே எங்களைக் கிளப்பிவிடுவார்கள் என்று பயந்தேன் என்று சொல்லியிருந்தால், நீ ஒருநாள் அழுதுவிட்டு மறந்திருப்பாய். நான் பகிடி விட்டேன். நீ அன்றையில் இருந்து இரண்டாம் பாதிக்குக் காத்திருக்கத் தொடங்கினாய். என்னால் வராது என்று கண்டதும் நீயே அந்த இரண்டாம் பாதி ஆகப் புறப்பட்டுவிட்டாய். நான் அறிந்து உனக்கு இரும்புச் சப்பாத்து வாங்கித் தரவில்லை, ஆனால் காலை அளந்து கொடுத்தவன் நான்.

உன் காலத்துப் படங்களையும் நான் விட்டதில்லை. யுத்தம் முடிந்த பிறகு சீடீக் கடை போட்டேன், பிறகு பென்டிரைவ் வந்து அதை மூடியது, பிறகுதான் இந்த ரீலோட்டும் போன் உறையும். நீ முதல் தடவை லீவில் வந்தபோது மடிக்கணினியை நடுவில் வைத்து உன்னோடு உட்கார்ந்து எத்தனை படம் பார்த்தேன். இதில் சட்டம் மாறிவிட்டது. கதாநாயகன் அடி வாங்குவதே இல்லை. அவன் வருவதற்கு முன்னால் மற்றவர்கள் அரை மணித்தியாலம், "அவன் ஆரெண்டு தெரியுமா" என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவன் வெறும் ஆள் மாதிரி எங்கோ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பான், ஆனால் அவனுக்குப் பின்னால் ஒரு பயங்கரமான பழைய கதை இருக்கும். பிறகு சப்பாத்து, பிடரி, கண்ணாடி. அவன் கையை வீசினால் இருபது பேர் காற்றில் மெதுவாகப் பறப்பார்கள், நாம் ஒரு பிளேன்டீ குடித்து முடித்தாலும் அவர்கள் கீழே வந்து சேர மாட்டார்கள். பழைய படத்தில் ரத்தம் விரலில் ஒரு பொட்டு. இதில் வாளி. வழக்கு மன்றம் வந்தால் அது வில்லன் வெளியே வருவதற்காக மட்டும். ஜீப் வராது. வந்தாலும் அது வில்லனுடைய ஜீப். கடைசிக் கல்லைத் தூக்கும்போது யாரும் நிறுத்த மாட்டார்கள், பெற்ற தாயே, "போடுடா" என்பாள்.

அன்றைக்கு உன்னோடு வாதாடினேன், ஞாபகம் இருக்கா. "எங்கட காலத்துல ஒரு ஞாயம் இருந்திச்சு" என்றேன். நீ திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "உங்கட காலத்துல ஜீப் வந்திச்சா வாப்பா?" என்று கேட்டாய். உன் உம்மா குசினியில் பாத்திரத்தைக் கழுவுவதை நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். வரவில்லை. நீ சொன்னது சரி. பழைய படம் என்னை வாசலைப் பார்த்தபடி உட்காரவைத்து ஏமாற்றியது. ஆனால் புதுப் படம் உன்னை ஏமாற்றுகிறது மகன். யாரும் வரமாட்டார்கள் என்ற உண்மையைச் சொல்லி, அடுத்த வாயிலேயே, நீ ஒருவன் போதும் என்ற பொய்யையும் சொல்லிவிடுகிறது.

இரண்டிலும் மாறாத ஒன்று இருக்கிறது. நான் ஓட்டிவிட்டதால் அது என் கண்ணில் படவில்லை, இப்போது வீட்டில் ஒரு தங்கச்சி இருந்து பார்க்கும்போதுதான் படுகிறது. பழைய படத்தில் தங்கச்சிக்கு அநியாயம் நடந்தால் அவள் கிணற்றில் விழுவாள் அல்லது கயிற்றில் தொங்குவாள். அண்ணன் அவளை மடியில் போட்டுச் சபதம் எடுப்பான். புதுப் படத்தில் அவள் இடைவேளைக்கு முன்பே செத்து, சுவரில் படமாகச் சிரித்துக்கொண்டிருப்பாள், அவன் அதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவான். இரண்டிலும் அவள் செத்தால்தான் கதை நகரும். உயிரோடு வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டு, வழக்குத் தவணைக்கு என்ன உடுப்பது என்று யோசிக்கிற தங்கச்சி ஒரு படத்திலும் இல்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அண்ணனுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

போன தவணையில் நடந்ததை உனக்கு ஒருவரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஒரு அறை, மேசை, கதிரைகள், மேலே சுற்றுகிற காத்தாடி. அவன், அவனுடைய மாமா, அந்தப் பக்கம். நான், நஸ்ரினா, இந்தப் பக்கம். முதல் நாளே நான் பேச்சை ஆயத்தம் பண்ணி வைத்திருந்தேன். பழைய படங்களில் கூண்டில் ஏறி நின்று பேசுவார்களே, அது என் தலைக்குள் இருந்தது. காதியார், "பிள்ள என்ன சொல்லுது?" என்று நஸ்ரினாவைப் பார்த்துத்தான் கேட்டார். நான் எழும்பினேன். "கண்ணியத்துக்குரிய காதியார் அவர்களே, தொண்ணூறாம் ஆண்டு நாங்கள் உடுத்த உடுப்போடு" என்று தொடங்கினேன்.

"நானா, தொண்ணூறில இரிந்து வேணாம்" என்றார் அவர், மரியாதையாகத்தான். "இந்தக் கலியாணத்தில இரிந்து சொல்லுங்க. இல்லாட்டி பிள்ளையே சொல்லட்டும்."

"அவ பயந்த புள்ள, நான் சொல்றன்" என்றேன்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். ஊரையும் முகாமையும் விட்டு மதுரங்குளிக்கு வந்து சேர எனக்கு நல்ல நேரம் எடுத்தது. நான் மூச்சு வாங்கிய இடத்தில் அந்த மாமா போனை எடுத்து மேசையில் வைத்தார். உன் மேளம் அந்த அறையில் அடிக்கத் தொடங்கியது. சப்பாத்து நடந்தது. காதியார் கடைசிவரை பார்த்தார். "இது ஆர்?" என்றார். "இவட நானா, கூடப் பொறந்தவர், கத்தார்ல இரிக்கார். அடுத்த தவணைக்கு முந்தி வாராராம். இந்தக் குடும்பத்திட்டயா பிள்ளையக் குடுக்கச் சொல்றீங்க?" என்றார் மாமா. அவர்கள் பொலிஸிலும் ஒரு முறைப்பாடு எழுதிவிட்டு வந்திருந்தார்கள், உயிருக்குப் பயம் என்று. உன் தங்கச்சியை அடித்தவன் உன்னைக் கண்டு பயந்தவனாக, தலையைக் குனிந்துகொண்டு, அப்பாவி மாதிரி உட்கார்ந்திருந்தான். நடிப்பென்றால் அது. தவணை தள்ளிப் போடப்பட்டது.

ஓட்டோவில் திரும்பி வரும்போது நான் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன். நஸ்ரினா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பளம் தாண்டும்போது சொன்னாள், "அவர ஏன் ஏசுறீங்க. நீங்க ஒரு படம் நடிச்சீங்க, அவர் ஒரு படம் நடிச்சார். நான் இன்னும் ஒரு வார்த்தை கதைக்கல்ல வாப்பா."

இதைவிடப் பெரிய நட்டம் அடுத்த நாள்தான் தெரிந்தது. அவளுக்கு இருந்தது ஒரே சாட்சி. மதுரங்குளியில் பக்கத்து வீட்டில் சட்டை தைக்கிற ஒரு பெண், வேலிக்கு மேலால் எல்லாவற்றையும் கண்டவர். பேர் எழுத மாட்டேன். வந்து சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தவர், உன் வீடியோவைக் கண்டதும் ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான் போய்க் கதைக்கிறேன் என்று சட்டையை மாட்டினேன். "நீங்க இரிங்க" என்றாள் நஸ்ரினா. அவளே ஹனாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனாள். அந்த வீட்டுத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பின்னேரம்வரை இருந்திருக்கிறாள். அந்தப் பெண் சொன்னதை அவள் வந்து எனக்கு அப்படியே சொன்னாள்.

"உங்கட நானா வந்து ஒரு அடிபுடி நடந்திச்செண்டா, நீங்க பாலாவிக்குப் போயிடுவீங்க. அவர் கத்தாருக்குப் போயிடுவார். அவங்கட வீட்டுக்குப் பக்கத்தில இரிக்கப் போறது நான். நான் எங்க போற?"

முப்பது வருஷமாகச் சண்டைப் படம் பார்த்து, காட்டி, விற்றுத் தின்றவன் நான். சண்டை முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி எங்கே போனாள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. களஞ்சியத்தில் உடைகிற பீப்பாய் யாருடையது, சந்தையில் கவிழ்கிற மரக்கறி வண்டிக்காரன் அடுத்த நாள் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தான், பழைய படமும் காட்டவில்லை, புதுப் படமும் காட்டவில்லை. உன் தங்கச்சி போய் அந்த மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். கடைசியில் அந்தப் பெண் வருகிறேன் என்று மறுபடி சொல்லியிருக்கிறார். ஒரு நிபந்தனை. அந்தத் தவணை முடியும்வரை நீ இந்த நாட்டில் கால் வைக்கக் கூடாது. நஸ்ரினா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். மூன்று வருஷமாக உன்னைக் காணவில்லை. நீ லீவு எடுத்துவிட்டாய், டிக்கட் போட்டுவிட்டாய், எனக்குத் தெரியும். வா என்று எழுதத்தான் ஒரு வாப்பாவுக்குக் கை வரும். வராதே என்று எழுத எனக்கு எத்தனை தாள் கிழிந்தது என்று உன் உம்மாவைக் கேட்டாலும் தெரியாது, அவருக்குத் தெரியாமல் கடையில் வைத்துத்தான் எழுதுகிறேன். வராதே மகன். நீ மச்சானுக்குக் கை நீட்ட மாட்டேன் என்று சத்தியம் பண்ணினாலும் வராதே. நீ நல்லவனாக வந்து வீட்டுக்குள் படுத்துக் கிடந்தாலும் அந்தப் பெண் வரமாட்டார். அவர் வராவிட்டால் நஸ்ரினாவின் வார்த்தைக்குப் பக்கத்தில் இன்னொரு வார்த்தை இருக்காது, ஹனாவை அவர்கள் கேட்பார்கள். வீடியோவை எடுத்துவிடு, அதற்குப் பதிலாக வேறொன்றும் போடாதே, மன்னிப்பு வீடியோகூட வேண்டாம், அதற்கும் நீ மேளம் போடுவாய்.

என்னையும் அவள் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உன் உம்மா கூடப் போவார். நான் வெளியே ஹனாவைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாது. அவள் தடுமாறலாம். அழுதுவிடலாம். எல்லாம் சொல்லியும் தோற்றுப்போகலாம், அதற்கும் ஒரு உறுதியும் இல்லை. நேற்று குசினியில் தனியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடையில் நின்று கேட்டேன். சின்னச் சின்ன வசனங்கள். எந்த நாள், என்ன காரணம், எந்தக் கை. ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. என் பிள்ளை இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உன் உம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ வருகிறாய் என்று உன் அறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் பிடித்துவிட்டார், பச்சை நிறம், உனக்குப் பிடிக்கும் என்று அவராகவே முடிவு செய்தது. நான் அந்த ஆளை நிறுத்தவில்லை. அடிக்கட்டும். களப்புக் காற்றுக்குச் சுவர் காய இரண்டு மாதம் எடுக்கும், அதுவரை பிள்ளை அந்த அறையில் படுத்தால் நெஞ்சுச் சளி பிடிக்கும், அதனால் தள்ளி வரச் சொன்னேன் என்று சொல்லப் போகிறேன். நம்ப மாட்டார். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் இன்னொரு பூச்சும் அடித்துவிடலாம் என்பார். டிக்கட்டை மாற்றிவிட்டு எனக்கு ஒரு வரி அனுப்பு. அதைக் கண்ட பிறகுதான் அவரிடம் போவேன்.

வாப்பா